சுடுதண்ணீர்க் கிண்ணம்

என் மகள் லோகேஸ்வரி பத்து வயதிலிருந்தே வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரிப்பாள். முன்பல் இரண்டும் அப்படித் துருத்திக்கொண்டிருந்தன. இரண்டரை வருடம் கம்பி கட்டினோம். மாதம் ஒரு தடவை கோலா சிலாங்கூரிலிருந்து கிள்ளானுக்குப் பஸ் ஏறி இறங்கி எனக்கு இடுப்பே விட்டுப்போனது. கம்பியைக் கழற்றிய அன்று, பஸ்ஸில் கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்து வருடம் பஸ் ஏறலாம் என்று தோன்றியது.

ஆனால் பல் டாக்டர் ரிஸ்வானா அத்தோடு விடவில்லை. கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் அச்சைக் கொடுத்தார். "இது ரிடெய்னர். சாப்பிடும்போது மட்டும் கழட்டணும். போடலன்னா பல்லு பழைய எடத்துக்கே போயிரும்."

அன்றிலிருந்து எனக்கு இன்னொரு வேலை. ஃபேக்டரி கேண்டீனுக்குச் சமைக்கக் கிளம்பும்போது, "போட்டியா?" கால் வீங்கித் திரும்பி வந்ததும், "போட்டியா?"

அவளும் சலித்துப்போய், "போட்டேன் லா!" என்பாள்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு, செகிஞ்சானில் ஒரு கடைக்கு மீன் சாப்பிடப் போனோம். லோகேஸ் ரிடெய்னரைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். வழக்கம்போல் ஆவி பறக்க ஒரு கிண்ணம் சுடுதண்ணீர் மேசைக்கு வந்தது. கரண்டி, கோப்பை எல்லாவற்றையும் அதில் முக்கி எடுத்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். டப்பாவைப் பார்த்தேன். எச்சில் பட்டு வழவழவென்று கிடந்தது. சீ, இதைத்தானே திரும்ப வாயில் வைக்கப்போகிறாள் என்று அதையும் கரண்டிகளோடு போட்டேன். அவள் வருவதற்குள் துடைத்து டப்பாவில் வைத்தும்விட்டேன்.

சாப்பிட்டு முடித்து மாட்டிப் பார்த்தாள். ஏறவில்லை.

"அம்மா, பல்லு நகந்திருச்சு போல." மறுபடி அழுத்திப் பார்த்தாள். "ரெண்டு ராத்திரி போடாம தூங்கிட்டேன்மா."

எனக்கு வந்ததே கோபம்! "படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? ஒனக்கு ஒழைச்சு ஒழைச்சு என் முதுகெலும்புதான் தேயுது!" என்று கடையிலேயே பிடித்துக்கொண்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டில் ரிடெய்னரைக் கழுவும்போதுதான் கவனித்தேன். ஓரம் நெளிந்திருந்தது. அடிப்பாவி நவமணி என்று என்னையே திட்டிக்கொண்டேன். அந்தச் சுடுதண்ணீர்க் கிண்ணம் ஞாபகம் வந்தது. உடனே சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவு திட்டிவிட்டு எந்த முகத்தோடு சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்தேன். மறுநாள் களைப்பு. அதற்கு மறுநாள் இன்னும் களைப்பு. எனக்கு என்றைக்குத்தான் களைப்பில்லை? சனிக்கிழமைதான் கிளினிக்குக்குப் போனோம். அந்த ஆறு நாளும் லோகேஸ் கையால் வாயை மூடிக்கொண்டே பேசினாள்.

டாக்டர் ரிடெய்னரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சுடுதண்ணில கழுவுனியாம்மா?" என்று லோகேஸைக் கேட்டார்.

"இல்ல டாக்டர். ரெண்டு ராத்திரி போடல. என் தப்புதான்."

"அதுக்கு இப்படி நெளியாது. கழுவிட்டு இல்லன்னு சொன்னா எப்படி?"

லோகேஸ் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் மடியில் விழுந்தது.

"நான்தான் டாக்டர்" என்றேன். "செகிஞ்சான் கடையில கரண்டியோட சேத்து முக்கிட்டேன். அன்னைக்கே எனக்குத் தெரியும்."

லோகேஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"முன்பல் ஒன்னு லேசா திரும்பியிருக்கு" என்றார் டாக்டர். "அன்னைக்கே வந்திருந்தா இதுகூட ஆகியிருக்காது." புதிதாக அளவெடுத்தார்.

திரும்பும் பஸ் அசாம் ஜாவாவைத் தாண்டியது.

"ஒரு வாரம்மா" என்றாள். "ஒரு வாரமா என்னை நானே திட்டிக்கிட்டு இருந்தேன்."

"தெரியும்டி. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். என்னை மன்னிச்சிரு."

அதுவரை நான் யாரிடமும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புது ரிடெய்னர் வந்தது. "போட்டியா?" என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அவளும் டப்பாவைத் தன் பையை விட்டு வெளியே வைப்பதில்லை.

நேற்று மறுபடி செகிஞ்சான், அதே கடை. கிண்ணம் வந்தது. என் கை தானாக மடிக்குப் போய்விட்டது. லோகேஸ் ரிடெய்னரைக் கழற்றி டப்பாவில் போட்டு, அதைக் கையோடு எடுத்துக்கொண்டு எழுந்தாள். எடுத்துக்கொண்டு போகட்டும், அதுதான் நியாயம் என்று நினைத்தேன். இரண்டடி போனவள் திரும்பி வந்து, டப்பாவை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

"வச்சுக்கம்மா. கை கழுவிட்டு வந்துர்றேன்."

இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நேற்று நான் கரண்டிகளை முக்கவில்லை.