கிணறு இல்லாத தெரு

துலுக்கானம் பெண்டாட்டியின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, சட்டியிலிருந்த தண்ணீரைச் சிறிது சிறிதாக அவள் வாயில் விட்டான். வேம்புலியம்மாள் குடித்தாள்; குடித்ததெல்லாம் வெளியே வந்தது. முந்தின நாள் கண்ட வாந்திபேதி, விடிவதற்குள் அவளை வற்றலாக உலர்த்திப் போட்டிருந்தது. கண்கள் இரண்டும் குழிக்குள் போய்விட்டன.

"இன்னும் கொஞ்சம் ஊத்துய்யா. தொண்ட காயுது."

"ஊத்துறேன் புள்ள. கொடம் நெறைய கீது."

குடத்தில் இருந்தது குட்டைத் தண்ணீர். மொண்டு வந்தவளும் அவளேதான். வெயில் ஏறியபோது தண்ணீர் கேட்கவும் அவளுக்குத் தெம்பில்லை, கை சில்லிட்டது. கடைசி மிடறையும் விட்டுப் பார்த்தான். அது கடைவாயில் வழிந்துவிட்டது.

கோவில்பதாகையிலிருந்து அவள் தம்பி வேம்புலி ஓடிவந்தபோது பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். பறைக்காரர்கள் வாசலில் வைக்கோலைக் கொளுத்தித் பறைத் தோலைக் காய்ச்சினார்கள். துலுக்கானத்துக்கும் அதே தொழில்தான். சேக்காட்டில் சர்க்கார் தண்டோரா போடுகிறவனும் அவனே.

அந்த நேரத்தில் சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குட்டைக்கரைக்கு வந்தார். சேரிக்குள் வரவில்லை, துலுக்கானத்தை அழைத்துவரச் சொன்னார்.

"ஏம்ப்பா, தண்ணியைக் காய்ச்சிக் குடிக்கணும்னு தண்டோரா போட்டதே நீதானே? உன் வீட்டிலேயே காய்ச்சாம குடிச்சீங்களா?"

"அது கெணத்துத் தண்ணிக்கு, சாமி. எங்களுக்கு ஏது கெணறு?"

இன்ஸ்பெக்டர் திரும்பிக் குட்டையைப் பார்த்தார்.

போன வருஷம் பட்டணத்து டாக்டர் ஒருவர் வந்து, ஊர்க்கிணறு ஒவ்வொன்றிலும் பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போனார். குட்டைப் பக்கம் அவரை யாரும் கூட்டிவரவில்லை. அவர் கண்டுபிடித்தது இங்கிலீஷில் அச்சாகி, பூந்தமல்லி சர்க்கார் ஆபீசில் தமிழாகி, கணக்குப்பிள்ளையின் வாயிலிருந்து துலுக்கானத்தின் தொண்டைக்கு வருவதற்குள் ஒரு மழைக்காலமே ஓடிவிட்டது. வந்த சேதியும் கிணற்றோடு நின்றது. அதை அவன் ஊர்த்தெருவில் மூலைக்கு மூலை நின்று கத்தினான். சேரியில் தண்டோரா போடும் வழக்கமே கிடையாது. போடுகிறவனே அங்கே குடியிருக்கிறானே, அது போதாதா என்று விட்டுவிடுவார்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் வேம்புலியம்மாள் கேட்டாள், "இன்னாய்யா சேதி?"

"கெணத்துத் தண்ணில நோவு கீதாம். குட்டத் தண்ணி குடிக்கிறவன் குட்த்து வெச்சவன்!"

அவள் சிரித்தாள். மறுநாள் சேரி முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. கிணறு இல்லாததில் இப்படி ஒரு லாபம் கிடைக்குமென்று யார் கண்டார்கள்!

"அந்த நோய் குட்டைத் தண்ணியிலேயும் இருக்கும்பா," என்றார் இன்ஸ்பெக்டர் இப்போது, குரலைத் தணித்து. "உங்க ஆளுங்ககிட்ட சொல்லு."

துலுக்கானம் தன் குடிசைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். விடிய விடியத் தன் கையாலேயே அல்லவா ஊற்றினான்!

புதைத்துவிட்டு வந்தவர்கள் வழக்கப்படி குட்டையில் முழுகினார்கள். இழவுக்கு வந்தவர்கள் குடிப்பதற்காக அண்டை வீட்டுத் தாயம்மா ஒரு குடம் மொண்டு வந்தாள். வேம்புலி முதல் ஆளாக இரு கையையும் ஏந்தினான். நெடுந்தூரம் ஓடிவந்தவன்; பாவம், நல்ல தாகம்.

இன்ஸ்பெக்டர் சொன்னதைச் சொன்னால், துலுக்கானம் மூட்டிவிட்ட அந்தச் சிரிப்பும் வெளியே வரும். அவளுக்கு ஊற்றிய தண்ணீரும் வெளியே வரும். வேம்புலியின் கை நிறைந்து வாய்க்குப் போயிற்று.

"குடிக்காத மச்சான்!"

"இன்னா மாமே?"

துலுக்கானம் பக்கத்திலிருந்தவனிடம் பறையை வாங்கினான். சேரி முனைக்குப் போய் நின்று அடித்தான். பழக்கத்தில், "இதனால் சகலமானவர்களுக்கும்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான்.

"குட்டத் தண்ணிய காச்சிக் குடிங்கோ! கெணத்துக்காரங்களுக்குத்தான்னு நான் சொன்னது தப்பு. நமக்கும்தான்! தெரியாம என் பொஞ்சாதிக்கு நானே ஊத்திக் குட்த்தேன். காச்சிக் குடிங்கோ!"

வேம்புலி கைத்தண்ணீரைக் கீழே விட்டான். மாமன் முகத்தை அவன் பார்க்கவில்லை. தாயம்மா குடத்துத் தண்ணீரைச் சட்டியில் சாய்த்து, பறை காய்ச்சிய நெருப்பில் வைத்து வைக்கோலைத் தள்ளினாள்.

ஊர்த்தெருவில் மூலைக்கு மூலை நின்றவன், இங்கே வாசலுக்கு வாசல் நின்றான். ஒரு வாசலையும் விடவில்லை. கடைசியாகத் தன் குடிசைக்கு முன்னால் வந்து, பறையை அடித்தான். திறந்து கிடந்த படலுக்குள் பார்த்தபடி, அந்தச் சேதியை முதலிலிருந்து சொன்னான்.