உயிர் போன மாடி

"மெதுவா, மெதுவா! தலைப் பக்கம் தாழுது!" என்று மேலிருந்து கத்தினான் கோகிலன்.

பீடோர் கடைவீதியின் அந்தப் பழைய மளிகைக் கடையில், அரிசி மூட்டைகளைக் கயிறு கட்டி ஏற்ற மாடித் தரையில் ஒரு சதுரத் திறப்பு உண்டு. அதன் வழியாகத்தான் அவன் அண்ணன் ஜெயபாலனின் சவப்பெட்டி இறங்கிக்கொண்டிருந்தது. செங்குத்தான படியில் பெட்டி திரும்பவில்லை. கீழே நின்ற குமுதா அழுதுகொண்டே அந்தக் கட்டடத்தை முறைத்தாள். செத்த பிறகும் என் புருஷனை விடமாட்டேன் என்கிறாளே, சிறுக்கி!

"அண்ணி, இங்கயே கெடத்தி எடுத்துருவோம்லா. அண்ணே இருந்த எடம்."

"தாமான் குடியிருப்புல இருக்குற நம்ம வீட்டுக்குத்தான் போவணும் தம்பி. அவரு தாலி கட்டுனது எனக்கா, இந்தச் செவுத்துக்கா?"

கோகிலன் கயிற்றை இன்னும் ஒரு முழம் இறக்கினான்.

வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும். கல்யாணமான நாளிலிருந்து குமுதாவுக்கு வயிறு எரிந்தது எந்தப் பெண்ணைப் பார்த்தும் அல்ல. முகப்பில் சுதை மயில் வைத்த இந்தக் கட்டடத்தைப் பார்த்துத்தான். ஜெயபாலன் இதன் சுவருக்குச் சுண்ணாம்பைத் தானே குழைத்துப் பூசுவார். "சிமெண்டு பூசுனா செவுரு மூச்சு விடாதுலா" என்பார். அவள் மூச்சிழுப்பு வந்து வீட்டில் கிடந்த ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. கடை மாடி ஜன்னலைச் சாத்த மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார். பொண்டாட்டி மூச்சு விடுகிறாளா என்று கேட்கவில்லை. பிறகு இங்கேயே படுக்க ஆரம்பித்தார். இங்கேயே போயும் சேர்ந்தார்.

கடைசியில் குமுதாதான் ஜெயித்தாள். அவள் வீட்டுக் கூடத்தில், அவள் விசிறிக்குக் கீழே கிடத்தி, அவள் வாசலிலிருந்துதான் எடுத்தார்கள். அத்தனை அழுகைக்கு நடுவிலும், ஐயோ, ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது.

சுடலைக்குப் போன ஆண்கள் திரும்பினார்கள். கூடத்தில் விளக்கு வைக்கக் குனிந்தவளின் கையை ஜெயபாலனின் அக்கா கருப்பம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"இங்கன இல்லம்மா. உயிரு போன எடத்துலதான் வெக்கணும். கருமாதி வரைக்கும் அணையக் கூடாது. நீதான் கூட இருந்து பாத்துக்கணும்."

அந்தியில், கடை மாடியில் அவர் படுத்திருந்த இடத்தில் விளக்கை வைத்துவிட்டுக் குமுதா சுவரைப் பார்த்தாள்.

"கடைசில என்னையும் இங்க கூட்டியாந்து குந்த வெச்சிட்டியேடி."

மழை வந்தது. காற்றில் சுடர் படுத்தது. ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்தினாள். கடைசி ஜன்னல் மட்டும் மக்கர் பண்ணியது. அவர் அதை எப்படிச் சாத்துவார் என்று எத்தனை தடவை எரிச்சலோடு பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்! கதவைச் சற்றே தூக்கி, தோளைக் கொடுத்து மெல்லத் தள்ளினாள். சொன்ன பேச்சுக் கேட்டதுபோல் சாத்திக்கொண்டது.

கீலில் அவர் தடவியிருந்த எண்ணெய் விரலில் ஒட்டியது. துடைக்க முந்தானையை எடுத்தாள். பிறகு துடைக்காமலே வந்து, அந்த விரலால் திரியைத் தூண்டினாள்.