முதல் மேசையில் வந்து விழுந்த படம்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது, மறைப்பதற்கில்லை. ஏற்காட்டு மலையில் எங்கள் கரடியூரில் மின்சாரம் போய் வரும்போதெல்லாம் என் கணினி அணையும். மறுபடி லாகின் செய்தால் எல்லா விண்டோக்களையும் முதல் டெஸ்க்டாப்பிலேயே கொட்டும். (ஒரே திரைக்குள் நான்கைந்து மேசைகளை வைத்துக்கொண்டு மாறி மாறி உட்காரலாம். அந்த மேசைகளைத்தான் டெஸ்க்டாப் என்கிறேன்.) எழுதும் கதை ஒரு மேசையில், கடிதப் போக்குவரத்து இன்னொன்றில் என்று நான் பிரித்து வைப்பேன். அது கலைக்கும்.

பக்கத்து வீட்டு தீபிகாவிடம் புலம்பினேன். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே திரைகள் வடிவமைப்பவள். லாகின் ஆனதும் ஒவ்வொன்றையும் அதனதன் மேசைக்கு அனுப்புகிற சின்னப் புரோகிராம் ஒன்றை அவளே எழுதி வைத்திருந்தாள். எனக்கும் போட்டுத் தரச் சொன்னேன்.

"அத நம்பாதீங்கண்ணா," என்றாள். "அதுனால எனக்கு வேலையே போகப் போகுதுங்க."

2

பனி விலகாத காலையில் தீபிகா தன்

வேண்டாம். ஏற்காட்டுக் கதையைப் பனியில் தொடங்குவது விடுதி விளம்பரக்காரர்களின் வேலை.

பழிவாங்குவதென்று தீபிகா முடிவு செய்தபோது

இதுவும் வேண்டாம். நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

ஒரு மருத்துவமனையில் காத்திருப்பவர்கள் தங்கள் முறை எப்போது வரும் என்று பார்ப்பதற்கான திரையை தீபிகா வரைந்தாள். படிக்கத் தெரியாதவருக்கும் நிறத்தை வைத்தே விளங்கும். மாமியார் பாவாயியைச் சேலத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், யாரைக் கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது வந்த யோசனை. மேலாளர் சந்திரசேகர் இரண்டு நிறங்களை மாற்றி, தன் பெயரைப் போட்டு, மருத்துவமனைக்காரர்களிடம் ஆன்லைன் கூட்டத்தில் காட்டக் கிளம்பினார். அவர் பேசப் பேசத் திரையைப் பகிர்ந்து பக்கங்களைத் தள்ளும் வேலை மட்டும் தீபிகாவுக்கு.

கூட்டத்துக்குச் சற்றுமுன் மின்சாரம் போனது. யுபிஎஸ்ஸும் கைவிட்டது. மின்சாரம் வந்ததும் அவசரமாக லாகின் செய்து, முதல் மேசையில் அவருடைய பக்கங்களைத் திறந்து, முழுத் திரையையும் பகிர்ந்தாள். புரோகிராம் தன் வேலையை முடித்திருந்தது. படம் வரையும் செயலி மட்டும் திறக்க நேரமெடுத்தது. அதற்காகப் புரோகிராம் காத்திருக்கவில்லை. நாலாவது மேசைக்குப் போக வேண்டிய படம், தாமதமாக வந்து, சந்திரசேகரின் பக்கத்துக்கு மேலேயே விரிந்தது. அதே திரை. மூலையில் தீபிகாவின் பெயர், இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதி.

தவறான விண்டோ, மூடு என்று சந்திரசேகர் ஆங்கிலத்தில் சொன்னார். அவள் விரல் மூடப் போனது, மூடவில்லை.

"வந்த எடந்தாங்க தப்பு," என்றாள், அந்தக் கூட்டத்தில் முதல்முறையாகத் தமிழில். "படம் என்னுதுங்க."

அவள் அதை வரைய வரைய ஆன்லைனில் பார்த்துவந்த சகாக்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் மைக்கைத் திறக்கவில்லை.

3

முதல் பிரதியில், அவள் வேண்டுமென்றே செய்ததாக எழுதியிருந்தேன். கதாநாயகிக்கு ஒரு திட்டமாவது வேண்டாமா? (செயலி திறக்கும்வரை காத்திரு என்று ஒரு வரி சேர்க்கத் தெரியாதவளா இவள் என்ற சந்தேகமும் உண்டு. இப்போதும் கொஞ்சம் உண்டு.) படித்துவிட்டு நொந்துபோனாள். வாடிக்கையாளர் முன்னால் திட்டமிட்டு மேலாளரை அவமானப்படுத்தினாள் என்றுதான் கம்பெனியும் சொல்கிறதாம். விசாரணை வைத்திருக்கிறார்கள்.

"அவங்க சொல்றதயே நீங்களும் எழுதுனா நொம்பக் கஷ்டமுங்கண்ணா. அது தானா வந்துச்சு. மூடாம உட்டது மட்டுந்தான் நானு."

அடித்துவிட்டேன். நல்ல பிரதி அது. எரிச்சலாகத்தான் இருக்கிறது.

4

முடிவுகள்:

வேலை போகிறது, கணவன் சின்னராஜோடு காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக (அவளிடமே சொல்லிப் பார்த்தேன். தோட்டத்தில் என்ன நிம்மதியைக் கண்டீர்கள் என்று கேட்டாள்.)

சந்திரசேகர் மனம் திருந்தி (இதை முடிக்க எனக்கே கூசுகிறது.)

விசாரணை நாளைக்கு. பத்திரிகைக்காரர்களோ கதையை இன்றே கேட்டு ஃபோன்மேல் ஃபோன். ஆகவே உங்களை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிடுகிறேன். நீங்கள் தீபிகாவோடு வேலை பார்ப்பவர். அந்தப் படம் வளர்ந்ததை வாரக்கணக்கில் பார்த்தவர். உங்களுக்கும் சந்திரசேகர்தான் மேலாளர். அன்று நீங்களும் பேசாமல் இருந்தீர்கள்.

நாளை உங்களைக் கூப்பிட்டு, படம் யாருடையது என்று கேட்பார்கள். பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னைப்போல அடித்து அடித்து எழுத உங்களுக்கு நேரம் தரமாட்டார்கள்.