பதினொரு கோட்டு அயிரை

அப்பாவு, மலையோடையில் வழுக்கி விழுந்து இறந்து இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. மகள் கார்குழலி அவருடைய நகங்களுக்குள் இருந்த மணலை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். வியாசர்பாடி குடியிருப்பின் படிக்கட்டை ஒட்டி, மூடி திறந்த ஐஸ் பெட்டி. வெளியே சாவு மோளத்தைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

போலீஸ் கொடுத்த பையில் அவருடைய கைவலையும் ஒரு தண்ணீர் பாட்டிலும் இருந்தன. பாட்டிலுக்குள் விரல் நீள அயிரை ஒன்று செத்து மிதந்தது. உடம்பில் பதினொரு கோடு. எண்ணிய பிறகுதான், இன்றைக்கும் எண்ணினோமே என்று அவளுக்குக் கூசியது.

எந்தப் புத்தகத்திலும் இல்லாத மீன் அது. போன மழைக்காலத்தில், ஆந்திர எல்லை மலையோடையில், துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அதே கைகளால் அவர்தான் முதலில் பிடித்தார். இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவள் லென்ஸ் வைத்துத் துடுப்பு முட்களை எண்ணிச் சொல்ல, அவர் நோட்டில் எழுதுவார். புது இனமென்று எழுதி, மீனுக்கு அவர் பெயரையே வைப்பதாக இருந்தாள்.

"வோணாம் குழலி, மீனு கோச்சிக்கும்" என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பார்த்தபோது மீன்களை ஊறவைத்திருந்த ஜாடியில் ஸ்பிரிட் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. ஐந்து மீன்களும் காய்ந்து சுருண்டிருந்தன. எண்ணி முடிக்காத மீன்கள். மாதிரி இல்லாமல் பெயர் வைக்க முடியாது. அம்மா, மாமா எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்: "குடிச்சியா நைனா?"

ஆறு வருஷமாகக் குடியைத் தொடாதவர். மறுநாள் விடியுமுன் வலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பகலில் போன் செய்தார்.

"ஒண்ணு மாட்டிக்கிச்சு குழலி. இன்னும் நாலு புட்ச்சிக்கினு வந்துர்றேன்."

அவளுக்கும் ஒன்று சொல்ல இருந்தது. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று, "பாத்து வா" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது அம்மாவின் தம்பி பீம்ராவ் இடுப்பிலிருந்து குவார்ட்டர் பாட்டிலை எடுத்தார்.

"கடசியா ஒரு வாயி. ஆசையோட போவக் கூடாதுக்கா."

எதிர்வீட்டு ஜன்னத், "இன்னாபா நீ, வுட்டுட்டவர் வாயிலயா ஊத்துவ?" என்றாள்.

"எங்க வுட்டாரு? மீனு ஊறின ஸ்பிரிட்டையே வுட்டு வெக்கலியே மன்சன்!" என்றார் பீம்ராவ்.

யாரோ சிரித்து, சட்டென்று இருமினார்கள். அம்மா முந்தானையால் அப்பாவின் வாயோரத்தைத் துடைத்துவிட்டு, தள்ளி உட்கார்ந்து தம்பிக்கு இடம் விட்டாள்.

கார்குழலி துணியைக் கீழே வைத்தாள். அப்பாவின் உதடுகளை உள்ளங்கையால் மூடினாள்.

"கைய எடு கண்ணு" என்றார் மாமா.

"ஊத்தாத மாமா. நைனா குடிக்கல."

அம்மா நிமிர்ந்தாள்.

"கழுவறதுக்கு ஜாடி மூடிக்குள்ள இருந்த ரப்பர எடுத்தேம்மா. திரும்பப் போடல. நேத்து காலைல பாத்தா சிங்க்காண்டயே கெடந்துச்சு. ஸ்பிரிட்டு அப்டியே ஆவியாப் போயிட்ச்சு." அவள் கையை எடுக்கவில்லை. "நைனா போன் பண்ணப்பவே எனக்குத் தெரியும்."