அவளுடைய முழம்

அந்தப் புத்தகத்தில் பாழடைந்த நகரங்கள் பத்தொன்பது இருந்தன. அவற்றில் ஒன்றுக்குள்ளும் எழுதியவர் கால் வைத்ததில்லை. முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது, ஒவ்வொன்றின் வாசல்வரைக்கும் போயிருக்கிறார். டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் நிழலான பெஞ்சு எங்கே இருக்கிறது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்.

உள்ளே போய் வந்தவள் அவருடைய மனைவி.

தொடங்கியது தற்செயலாகத்தான். கல்யாணமான மூன்றாம் வருஷம், முதல் நகரத்துக்குப் போனபோது, பத்தாவது படியில் அவருக்கு முட்டி பிடித்துக்கொண்டது, தலையும் சுற்றியது. வந்ததற்கு நீயாவது பார்த்துவிட்டு வந்து சொல்லு என்று அவளை அனுப்பினார். அவள் துணிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுப்பவள். வெறும் கண்ணால் பார்த்தால் அவளுக்குப் பார்த்த மாதிரியே இருக்காது, கை வைத்து அளக்க வேண்டும். வாசல் எத்தனை முழம், கிணற்று வாய் எத்தனை முழம், படிக்கல் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று இறங்கி வந்து ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். அவர் எழுதினார். ‘நான் ஏறினேன், நான் அளந்தேன்’ என்று எழுதினார். அப்போது அதை அவளே சிரித்துக்கொண்டுதான் படித்தாள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், மனுஷனுக்கு எழுத்து வரும். துணி அவளுடையது என்றால் தையல் அவருடையது. காற்று பலமாக அடித்தது என்று அவள் சொன்னால் புத்தகத்தில் அது அரைப் பக்கம் வீசும். அவளுக்கும் போக ஆசையாக இருந்தது. வருஷம் பூராவும் கல்லாப் பக்கம் நின்று கால் வீங்குகிறவள், அந்த ஒருநாள் மட்டும் யாரும் இரண்டரை மீட்டர் கேட்காத தெருவில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பாள். அதற்காக எதையும் விட்டுக்கொடுக்கலாம் போலிருந்தது. இருபத்தைந்து வருஷம் விட்டும் கொடுத்தாள்.

உறுத்த ஆரம்பித்தது அவர் மேடையேறிய பிறகுதான். கூட்டங்களில் முட்டியைத் தட்டிக் காட்டி, பாழும் படிகளில் ஏறி ஏறித் தேய்ந்துபோனது என்று சொல்வார். சனங்கள் ‘த்சு’ கொட்டும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அவள் தன் முட்டியைப் பார்த்துக்கொள்வாள். ஒருநாள் ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார். கோட்டை வாசல் பன்னிரண்டு முழம் என்று போட்டிருக்கிறீர்கள், நான் போய் அளந்தேன், பத்தரைதான் வருகிறது, ஆசிரியருக்குக் கை கொஞ்சம் குட்டையோ என்று கேட்டிருந்தார். அவர் சாப்பாட்டு மேசையில் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக வாய் விட்டுக் கேட்டாள்: என் பேரையும் எங்கேயாவது போடுங்கள்.

இருபதாவது நகரத்தையும் சேர்த்துப் புதுப்பதிப்பு வரப்போகிறது, அதில் முதல் பக்கத்திலேயே போட்டுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

அந்த இருபதாவதுக்கு லீவு போட்டுவிட்டுப் போனாள். டிக்கெட் கொடுப்பவர் இவருடைய பரம ரசிகர். ஜன்னலை விட்டு வெளியே வந்து கும்பிட்டார். பதினோரு வருஷ வேலையில் தானே இரண்டு தடவைதான் மேலே போனதாகவும், இந்த முட்டியோடு சார் பத்தொன்பது இடம் ஏறியதை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது என்றும் சொன்னார். பிறகு அவளைப் பார்த்து, அம்மாவுக்கு இந்த மாதிரி இடமெல்லாம் முதல் தடவையா என்று விசாரித்தார். அவள் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு நடந்தாள். வெயில் தாழ்ந்ததும் தானும் ஏறப்போவதாகக் கணவர் அவரிடம் சொல்வது பின்னால் கேட்டது.

இருநூற்றுப் பதினேழு படிகள். அவளுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, நான்கு இடத்தில் உட்கார்ந்து எழுந்தாள். மேலே எல்லோரும் படம் எடுக்கும் அரண்மனைச் சுவர்கள். அவற்றைத் தாண்டி, முள் மண்டிய இறக்கத்தில், பெட்டிக்கடை அளவுக்குச் சின்னச் சின்ன அறைகள் வரிசையாக இருந்தன. நான்காவது அறையின் வாசலில் இடுப்புயரத்துக்கு ஒரு நீளமான, வழவழப்பான கல். அதன் விளிம்பில் ஒரே இடைவெளியில் ஆறு கோடுகள் செதுக்கியிருந்தன. பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. துணி அளந்த கல். முழங்கையை முதல் கோட்டில் வைத்துக் கையை நீட்டினாள். நடுவிரல் நுனி அடுத்த கோட்டில் போய் முட்டியது. மயிரிழைகூட மிச்சமில்லை.

யாருடைய முழமோ, அவளுடைய முழம். இவ்வளவு குட்டைக் கை பெண்பிள்ளை கையாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. அந்தக் கடைக்காரி நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். சந்தோஷம் தாங்கவில்லை. இதைச் சொன்னால் அவர் எப்படி எழுதுவார் என்று நினைத்துக்கொண்டே, இந்த வயதில் படிகளில் ஓட்டமாக இறங்கினாள்.

பெஞ்சில் அவர் இல்லை. டிக்கெட் அறைக்குள் யாருக்கோ புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பெஞ்சின் மேல் அவருடைய கண்ணாடி, அதனடியில் பதிப்பகத்திலிருந்து திருத்துவதற்கு வந்திருந்த அச்சுத் தாள்கள். முதல் பக்கத்தை எடுத்துப் பார்த்தாள்.

‘ஊர் ஊராய் நான் அலைந்தபோது வீட்டைக் காத்துக் கிடந்தவளுக்கு.’

பேர்கூட இல்லை.

அவர் வந்து உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். “ம், சொல்லு. மேல என்ன இருக்கு?”

அவள் தாளை நீட்டினாள். அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. “இதெல்லாம் சும்மா ஒரு மரியாதைக்குப் போடறது. நீயும் கூட வந்தேன்னு போட்டா, இத்தனை நாளா யாரு பாத்ததுன்னு கேக்க மாட்டாங்களா?”

“கேக்கட்டுமே.”

அவர் டிக்கெட் ஜன்னலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “திங்கக்கிழமை கொடுத்தாகணும். சொல்லும்மா.”

“வீட்டைக் காத்துக் கிடந்தவளுக்கு மேல இருக்கறது எப்படிங்க தெரியும்? இருநூத்துப் பதினேழு படிதான். ஏறிப் பாத்துக்குங்க.”

அவர் படிகளைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. திங்கட்கிழமை வந்தால் தானாக இறங்கி வருவார் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார்.

மூன்று மாதத்தில் புத்தகம் வந்துவிட்டது. முதல் பக்கத்தில் அதே வரி. இருபதாவது நகரத்தைப் பற்றி நான்கு பக்கம். ‘அரண்மனையைத் தாண்டினால் ஒன்றுமில்லை. புல், காற்று. மனிதர் இருந்த சுவடே இல்லை’ என்று ஆரம்பித்து, அந்த ஒன்றுமில்லாததைப் பற்றியே உருகி உருகி எழுதியிருந்தார். போன் செய்தவர்கள் எல்லோரும் அந்த அத்தியாயத்தைச் சொல்லித்தான் அழுதார்கள். டிக்கெட் கொடுப்பவரும் அழுதார்.

அவள் அதைக் கடையில் நின்றபடியே படித்தாள். அந்த மனுஷனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவருக்குப் பாடம் புகட்டுகிறேன் பேர்வழி என்று அந்தக் கடைக்காரியைத்தான் தன் கையாலேயே புதைத்திருக்கிறாள். எதிரே ஒரு அம்மாள் இரண்டரை மீட்டர் கேட்டாள். அவள் புத்தகத்தை மூடிவிட்டு அளந்து கிழித்துக் கொடுத்தாள்.