அந்த வேலைக்கு வந்தவன்

விடிவதற்கு முன்பே அந்தச் சரக்குக் கம்பெனியின் கூடத்தில் விசைப்பலகைகள் சடசடக்கத் தொடங்கிவிடும். இரவெல்லாம் லாரிகள் இறக்கிய சரக்குகளின் சீட்டுகளைப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பழைய கணினியில் ஏற்ற வேண்டும். கண் எரியும். விரல் மரத்துப்போகும். மணிக்கட்டு வீங்கி வலது கையில் பட்டை கட்டியிருந்த மூத்தவள், இடது கையாலேயே தட்டப் பழகியிருந்தாள். அப்பா போன பிறகு தம்பியைக் கணினிப் படிப்பு படிக்கவைத்தது அந்த வலது கைதான்.

கம்பெனியை நவீனமாக்கத் தலைமை மென்பொருள் வடிவமைப்பாளர் ஒருவரைத் தேடுவதாகக் கொஞ்ச நாளாகவே பேச்சு. தம்பியும் விண்ணப்பித்தான். வேலை கிடைத்ததும், "இனிமே ரெண்டு பேரும் சேர்ந்தே போலாம்க்கா" என்றான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று காலை முதலாளியே அவனைக் கூடத்துக்கு அழைத்துவந்தார்.

"நீங்க செய்ற வேலையை ஒண்ணுவிடாம இவருக்குச் சொல்லிக்குடுங்க. அப்புறம் எல்லாத்தையும் மெஷின் பார்த்துக்கும்."

"அப்ப நாங்க?" என்றார் பக்கத்து இருக்கைக் கண்ணாடிக்காரர்.

"இந்தக் கூடமே தேவைப்படாது. எத்தனை பேரை வச்சுக்கணும்னு இன்டர்வியூக்கு வந்த எல்லார்கிட்டயும் கேட்டேன். ஒருத்தரும் வேண்டாம்னு சொன்னது இவர் மட்டும்தான். அதனாலதான் எடுத்தேன்."

மூத்தவள் தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"அப்படியாடா சொன்ன?"

"வீட்ல பேசலாம்க்கா."

"சொன்னியான்னு கேட்டேன்."

"நான் இல்லன்னா இன்னொருத்தன் செய்வான். உன்னை நான் வச்சுக் காப்பாத்த மாட்டேனா?"

"என்னைக் காப்பாத்துவ. இவங்களை?"

இவனைப் படிக்கவைத்தோமே என்று அவள் முதன்முறையாக நொந்துகொண்டாள். அப்படி நொந்துகொண்டதுதான் அவளை இன்னும் சுட்டது.

"நீங்களே ஆரம்பிங்கம்மா, உங்க தம்பிதானே" என்றார் முதலாளி.

"சீட்டெல்லாம் ஏத்துறோம் சார். அதுல குறை வைக்கமாட்டோம். ஆனா எங்க எல்லாருக்கும் என்ன வழின்னு முடிவு பண்ணாம, நான் எதையும் சொல்லிக்குடுக்க மாட்டேன்."

"நீங்க சொல்லலைன்னா மத்தவங்க சொல்லிட்டுப் போறாங்க."

கண்ணாடிக்காரர் நாற்காலியை இழுத்து அவளருகே போட்டு உட்கார்ந்தார். "நானும் சொல்லமாட்டேன் சார்." பின்வரிசையிலிருந்து நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். அதன்பின் மற்றவர்களும் வந்தார்கள்.

முதலாளி விருட்டென்று வெளியேறினார். தம்பி ஒரு கணம் தயங்கினான். "டேய்" என்று கூப்பிட்டாள். அவன் திரும்பாமலே முதலாளியின் பின்னால் போனான். அவள் மேசையில் தலை சாய்த்து அழுதாள். அவளுடைய சரக்குச் சீட்டுகளை அருகிலிருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் யாரும் உடனே வீட்டுக்குப் போகவில்லை. வாசலில் கூடி நின்று, மறுநாள் முதலாளியிடம் பேசப் போகிறவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

"எதிர்ல உங்க தம்பி உட்கார்ந்திருப்பான். உங்களுக்கு எதுக்கும்மா அந்த வேதனை?" என்றார் கண்ணாடிக்காரர்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உட்கார்ந்திருக்கட்டும்ணே. நானும் வரேன்."