கஸ்பார் மோத்தாவின் முழங்கால்

மூடி இறங்கவில்லை. தச்சனும் இன்னொருவனுமாக இரண்டு பக்கமும் பிடித்து அழுத்திப் பார்த்தார்கள். தலைப்பக்கம் உட்கார்ந்தது, கால்பக்கம் ஒரு சாண் தூக்கிக்கொண்டு நின்றது. பெட்டிக்குள் கிடந்த கஸ்பார் மோத்தாவின் வலது முழங்கால் இடித்தது.

"கைய எடுங்கலே," என்றாள் மெட்டில்டா. "பஞ்சுப்பொதியா அது, ஏறி மிதிக்கதுக்கு?"

கஸ்பாரின் பெண்டாட்டி அவள். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. துக்கத்துக்கு வந்த பெண்கள் அதைப் பற்றித்தான் குசினியில் அடுப்போரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசட்டும். விடிகாலையில் மூச்சு நின்றதும் கண்ணை மூடியது, தாடையைக் கட்டியது, கறுப்புக் கல்யாணக் கோட்டையும் கால்சட்டையையும் மாட்டிவிட்டது எல்லாம் அவள்தான். வலது கால் மட்டும் பதினைந்து வருஷமாக மடங்கியது மடங்கியபடியே இருந்தது. அவளுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும். பெட்டி அனுப்பிய ஹார்டிங் கம்பெனிக்குத்தான் தெரியவில்லை.

கம்பெனி வழக்கம் அது. ஆள் செத்தால் பெட்டி அவர்களுடையது. சீமையிலிருந்து இயந்திரம் வந்து இறங்கிய மரப்பெட்டியை உடைத்துக் கம்பெனித் தச்சனே செய்து அனுப்புவான். உயிரோடு இருக்கிறவன் உட்கார ஒரு ஸ்டூல் கேட்டால் மூன்று மாதம் ஆகும். சவப்பெட்டி மூன்று மணி நேரத்தில் வந்துவிடும். அந்த விஷயத்தில் ஹார்டிங் கம்பெனியைக் குறை சொல்லவே முடியாது.

"அளவெடுக்க ஆரும் வரலியே, எப்படிச் செஞ்சிய?" என்று தச்சனைக் கேட்டாள்.

"ஆபீஸ்லருந்து சீட்டு வந்துச்சும்மா. அஞ்சடி ஒம்போது அங்குலம்னு போட்டிருந்துச்சு. கிளப்பு பைலப் பாத்து எழுதுனதாம்."

கிளப் பைலாம். ஐம்பத்திரண்டில், கஸ்பாருக்கு இருபத்திரண்டு வயதில், கம்பெனி மைதானத்தில் நிற்க வைத்து எடுத்த அளவு. இது எழுபத்தாறு. அந்தப் பைலில் அவனுக்கு இன்னும் இரண்டு காலும் நேராகத்தான் இருந்தன.

அந்த யோசனைக்குச் சொந்தக்காரர் வாசலில் நின்றார். பெயர் எபனேசர், கம்பெனியின் வெல்பேர் ஆபீசர், கால்பந்து கிளப்புக்கும் அவர்தான் செயலாளர். டெரிலின் சட்டை, கக்கத்தில் மெரூன் நிறக் கிளப் கொடி, கையில் பைல். பின்னால் இப்போதைய டீம் பையன்கள் ஆறு பேர் பனியனோடு நின்றார்கள், பெட்டி தூக்க. எபனேசர் பிறந்ததிலிருந்து ஒரு பந்தை உதைத்ததில்லை. பந்து உருண்டு வந்தால் சப்பாத்து அழுக்காகும் என்று விலகி நிற்கிற ஜாதி.

"பதறாதீங்கம்மா," என்றார். "வெந்நீர்ல துணியை நனைச்சுப் போட்டு, லேசா ஒரு அமுக்கு அமுக்கினா இறங்கிடும். நாலு மணிக்குக் கோயில்ல மணி அடிச்சிருவாங்க."

"நீங்க அமுக்குனது போதும் சார்."

இந்தக் கிளப்பின் வரலாற்றை வெள்ளி விழாவுக்கு வழவழ காகிதத்தில் புத்தகமாகவே போட்டார்கள். மெட்டில்டாவைக் கேட்டிருந்தால் அரைப் பக்கத்தில் முடித்துக் கொடுத்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை கப்பல்காரர்களோடு பந்தடிக்கக் கம்பெனியின் வெள்ளைக்காரத் துரைக்கு ஆள் வேண்டியிருந்தது. கடற்கரையில் வெறுங்காலோடு ஆடிய பயல்களைப் பிடித்து, குடோனில் வேலை என்று சொல்லி, சப்பாத்து மாட்டிவிட்டான். ஜெயித்தால் கம்பெனி ஜெயித்தது. தோற்றால் கடற்கரைப் பயல்களுக்கு ஒழுக்கம் போதாது. அப்புறம் துரை போனான், நம்மாட்கள் வந்தார்கள், நாற்காலிதான் மாறியது. வாங்கிய கோப்பையெல்லாம் மேனேஜர் அறைக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. அதைத் துடைக்கத் தனியாக ஓர் ஆள் உண்டு. அதை வாங்கிக் கொடுத்த கஸ்பார் குடோன் வாசலில் வாட்ச்மேன்.

அறுபத்தொன்றில் நடந்த பைனலுக்கு முந்தின நாளே கஸ்பாரின் முழங்கால் வீங்கிப் போயிருந்தது. போகாதிய, போகாதிய என்று மெட்டில்டா தலையால் அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே. மேனேஜர் முதுகில் ஒரு தட்டு தட்டினால் போதும், அந்த மனுஷன் கிணற்றில்கூடக் குதிப்பான். கம்பெனி டாக்டர் ஊசி போட, இவனும் வெட்கமில்லாமல் ஓடி, இரண்டு கோல் அடித்து, கட்டிலில் வந்து விழுந்தான். அன்றோடு கால் போயிற்று. அவள் கம்பெனி வாசலில் போய் நின்றாள். ஆடும்வரை 'இதுவும் டூட்டிதான்' என்றவர்கள், ஆடி முடிந்ததும் 'விளையாட்டு டூட்டியில் வராது' என்றார்கள். ஏதோ ஒரு காகிதமும் எழுதி வைத்துக்கொண்டார்கள். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் கஸ்பார், "விடுளா" என்பான். பதினைந்து வருஷமாக அதே "விடுளா". கம்பெனி மேல் அவளுக்கு இருந்த இளக்காரத்தில் சரிபாதி புருஷன் மேலும் இருந்தது. முதுகெலும்பில்லாத மனுஷன் என்று முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறாள். அவன் சிரிப்பான்.

இப்போது அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். இவனை மண்ணில் இறக்குவதற்குள் ஒரு தடவையாவது, நாலு பேர் கேட்க, அந்தக் கால் எப்படிப் போயிற்று என்று கம்பெனி தன் வாயால் சொல்ல வேண்டும்.

"சார், இந்தக் கால் ஏன் மடங்கிக் கெடக்குன்னு நீங்களே சொல்லுங்க. பெறவு மூடியப் பாப்போம்."

எபனேசருக்கு வாசிப்பதென்றால் சந்தோஷம். "எல்லாம் ரெக்கார்டுல இருக்கும்மா," என்று பைலைப் பிரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடையில் படிப்பதுபோலப் படித்தார். "கழகத்தின் இணையற்ற முன்வரிசை ஆட்டக்காரர் திரு. கஸ்பார் மோத்தா, தமது இல்லத்தின் மாடிப்படியில் தவறி விழுந்து கால் ஊனமுற்றதால், தமது விருப்பப்படி ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்."

கூடத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக அண்ணாந்து பார்த்தார்கள். மேலே ஓடு. இரண்டு ஓடு உடைந்த இடத்தில் வானம். மழை பெய்தால் தெருத் தண்ணீர் நேரே கூடத்துக்கு வரும், அதைத் தடுக்க வாசலில்கூட ஒரு படி கிடையாது. பின்னாலிருந்து யாரோ 'புக்' என்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

மெட்டில்டா மகளைக் கூப்பிட்டாள். "ஏளா இசபெல்லா, சார மாடிக்குக் கூட்டிட்டுப் போ. புழுக்கமா இருக்கு, கொஞ்சம் காத்து வாங்கட்டும்."

எபனேசரின் முகம் வேர்த்தது. "நான் எழுதினது இல்லம்மா. எனக்கு முந்தி இருந்தவர் எழுதினது. சாட்சிக் கையெழுத்துகூட இருக்கு. பாருங்க, செல்வதுரைன்னு…" என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

எல்லோரும் சுவரோரம் திரும்பினார்கள். செல்வதுரை அங்கேதான் நின்றான். அன்றைய டீமில் கோல் காத்த கோலி, இன்று அதே ஆபீசில் பியூன். கஸ்பாருக்கு உயிர்ச் சிநேகிதன். பைனலுக்கு அப்புறம் கோலியாக இருந்தவனுக்கு ஆபீசில் வேலை எப்படிக் கிடைத்தது என்று மெட்டில்டாவுக்கு அப்போதே சந்தேகம். வீட்டுக்கு வந்தால் முகம் கொடுத்துப் பேசமாட்டாள்.

"மாடி இருந்துச்சா அண்ணாச்சி?"

"இல்ல மைனி."

"பெறவு?"

"வேலை போயிரும்னு பயந்து போட்டேன்." செல்வதுரை பெட்டியைப் பார்த்தே பேசினான். "பந்தடியிலதான் போச்சு. பாதி ஆட்டத்துலயே அவனுக்கு நிக்க முடியல. நான் வரலன்னுட்டான், மைனி. மேனேஜர் நேராவே வந்து கேட்டாரு, முடியாதுன்னு அவர் மொகத்தப் பாத்துச் சொன்னான். இந்த ஆட்டத்தோட எல்லாத்தையும் விட்டுட்டுத் தோணி வேலைக்குப் போறேன்னான்."

மெட்டில்டா பெட்டிக்குள் கிடந்த முகத்தைப் பார்த்தாள்.

"அப்பம்லாம் ஆளு மாத்த முடியாது. பத்துப் பேர வெச்சு ஆடித் தோத்தா அத்தன பேருக்கும் வேலை போவும்னு மேனேஜர் எங்களப் பாத்துச் சொன்னாரு. நாங்க நாலு பேரு அவனப் பிடிச்சுக்கிட்டோம். நான்தான் கால அமுக்குனேன். டாக்டர் ரெண்டாவது ஊசி போட்டாரு. தூக்கி நிறுத்தி வெளிய தள்ளுனோம்." மூக்கைச் சிந்தினான். "மைனிட்ட சொல்லாதலேன்னு அவன்தான் சொன்னான். சொன்னா உன்னைய வீட்டுக்குள்ள விடமாட்டா, எனக்குப் பேசிச் சிரிக்க ஆள் இருக்காதுன்னான்."

எபனேசர் பைலை மூடினார். "சரி, இப்ப அதையெல்லாம் பேசி என்னம்மா…" என்று ஆரம்பித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களின் வாரிசு, மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற முகம். கொடியை உதறி, முழங்கால் மேட்டை மறைக்கிற மாதிரி விரிக்கக் குனிந்தார்.

மெட்டில்டா கொடியைப் பிடுங்கினாள். கோயில் மணி அடித்தது.

"தூக்குங்க."

"மூடிம்மா?" என்றான் தச்சன்.

"தொறந்தே போகட்டும். ஊரு பாக்கட்டும். கல்லறையில போய் மேல சாத்தி மண்ணத் தள்ளுங்க."

"அப்ப மூடிய ஆரு கொண்டாரது?"

அவள் கொடியைக் கயிறுபோல முறுக்கினாள். வட்டமாகச் சுருட்டினாள். அதை எபனேசரிடம் நீட்டினாள். "மரம் கனமா இருக்கும் சார். சும்மாடா வெச்சுக்கிடுங்க."

எபனேசர் டீம் பையன்களைப் பார்த்தார். அவர்கள் கீழே பார்த்தார்கள். வாசலில் துறைமுகத்துச் சுமைகாரர்கள் நாற்பது பேர் கை கட்டி நின்றார்கள். வழி விடுகிற உத்தேசம் ஒருவனுக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. வெல்பேர் ஆபீசர் சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டார். இரண்டு பேர் சந்தோஷமாக மூடியைத் தூக்கி ஏற்றிவிட்டார்கள்.

பையன்கள் பெட்டியைத் தூக்க வந்தபோது, செல்வதுரை கால்பக்கம் போய்க் கை வைக்கலாமா என்று தயங்கி நின்றான். மெட்டில்டா அவனைப் பார்த்தாள். காறித் துப்பலாம் போலிருந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"பிடிங்க அண்ணாச்சி," என்றாள்.

பையன்கள் தோளுக்கு ஏற்றப் போனார்கள். வேண்டாம், இடுப்பளவில் பிடித்தால் போதும் என்றாள். தெருவில் வெயில் காய்ந்தது. சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்றார்கள். நடக்க நடக்க, பெட்டியின் விளிம்புக்கு மேலே அந்த முழங்கால் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டு வந்தது. அவள் பெட்டியை ஒட்டி நடந்தாள்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். "எத்தன பேச்சுப் பேசிட்டேன் உங்கள."

பிறகு கையை நீட்டி முழங்காலை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். வெயிலில் கறுப்புத் துணி சூடேறியிருந்தது. கோயில் வாசல்வரை அவள் கையை எடுக்கவில்லை.